தோட்டம் அளித்த வாழ்வு

சேலம் நகரை அடுத்து ஓங்கி நிற்பது சேர்வராயன் மலை. அதன்மீது அமைந்த ஏற்காட்டில் காப்பிச் செடியைப் பயிராக்கியவர், 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை. மலைத்தோட்டம் எதுவாயினும் அதற்கு உயிர் உழைப்பாளரின் கைகளே. அக்கைகளை நாடி இலங்கைத் தோட்ட முதலாளிகளும் தமிழகத்திற்குக் கங்காணிகளை அனுப்பினர். சேலம், திருச்சி, மதுரை முதலிய மாவட்டங்களினின்றும் வறியோர் பலர் கடல் கடந்தனர். 1869 முதல் பரவிய இலைநோய் அங்கே காப்பியை அழித்தது. பின்னர்த் தேயிலை தழைத்தது. அதன் கொழுந்தைக் கிள்ளியோரும் இவர்களே.

தலைமுறை தலைமுறையாக உழைத்தும், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இவர்களுட் பெரும்பாலோர் குடியுரிமையற்றோராயினர். 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. இவர்களைப் பெயர்த்தது போர் அன்று, சட்டமே. எனினும் வீடிழந்தோர் துயரம் எங்கும் ஒன்றே அன்றோ?

வந்தவர்க்கு வேண்டியது சோறு மட்டுமன்று. தாம் அறிந்த தொழிலுமாகும். சிறுகடை வைக்கக் கடன் பெற்றோருட் பலர், வணிகம் அறியாமையால் கைம்முதலையும் இழந்தனர். தமிழக அரசோ 1968-இல் நீலகிரியில் இவர்களுக்கெனத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அது 1976 முதல் ‘டான்டீ’ என்னும் கழகமாக இயங்கலாயிற்று. கொழுந்து கிள்ளப் பழகிய விரல்களுக்குப் புதுப்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. கூலியும், குடியிருக்க வீடும் கிடைத்தன.

ஆனால் அவ்வீடு வேலைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. ஓய்வு பெற்றபின் அதனை விட்டு நீங்க வேண்டிய முதியோர் பலர், மீண்டும் ஒருமுறை இடம் தேடலாயினர்.