மவுஸ் வாங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது

தராசு வாங்கினால் முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்க்கிறோம். குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றால் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால் பில் போடும் கணினிக்கு ஒரு மவுஸ் வாங்குவதென்றால் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கணினி வைத்திருக்கும் கடையில் காலை முதல் இரவு வரை கையை விட்டு இறங்காத கருவி அதுதான். ஆகவே இந்த வாரம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணி திரும்பக் கிடைத்த பிறகு ஒவ்வொன்றாகத் தொழிலைத் தொடங்கியவர்கள். அங்கே கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி அண்மையில் என்னிடம் கேட்டார்: "நானா, வயர் உள்ள கேமிங் மவுஸ் ஒண்டு பார்த்தன். எட்டுப் பட்டன், 16,000 டிபிஐ எண்டு பெட்டியில போட்டிருக்கு. எடுக்கவா?" பகலில் அவருடைய கடையில் பாஸ்போர்ட் படம், விண்ணப்பப் படிவம், பில். இரவில் தம்பிமார் விளையாடுவார்கள். இரண்டுக்கும் ஒரே மவுஸ். இதே கேள்வி நம்மில் பலருக்கும் உண்டு.

கடைக்கு எதற்குக் கேமிங் மவுஸ்?

விளையாட்டுக்காகச் செய்த பொருளானாலும் அதன் மூன்று குணங்கள் கடைக்காரனுக்கும் உதவும். ஓயாமல் அழுத்துவதைத் தாங்கும்படி செய்யப்படுகிறது. வயர் இருப்பதால் வேலை நடுவில் பற்றரி தீர்ந்துபோகாது. பட்டன்களின் வேலையை நம் விருப்பப்படி மாற்றலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டன்களில் ஒன்றுக்குக் 'கொப்பி', மற்றதற்குப் 'பேஸ்ட்' என்று கொடுத்துவிட்டால், ஒரே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நான்கு படிவத்தில் நிரப்பும்போது கை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் ஓட வேண்டியதில்லை. படம் திருத்துபவர் 'செய்ததை இரத்துச் செய்' என்பதை ஒரு பட்டனில் வைக்கலாம்.

1964இல் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் ஆய்வுகூடத்தில் செய்த முதல் மவுஸ் மரப்பெட்டிக்குள் இரண்டு சில்லு வைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பட்டன். இன்று லொஜிடெக் ஜி502 என்ற வகையில் மாற்றி அமைக்கக்கூடிய பட்டன்கள் 11 இருக்கின்றன. பாரம் கூட்ட 3.6 கிராம் எடைத் துண்டுகள் ஐந்தும் வருகின்றன. ஆனால் பதினொன்று இருக்கிறது என்பதற்காகப் பதினொன்றும் நமக்குத் தேவையா? கடை வேலைக்கு இடது, வலது, சில்லு, பக்கத்தில் இரண்டு, டிபிஐ மாற்ற ஒன்று என ஆறு போதும்.

பெட்டியில் உள்ள பெரிய இலக்கம்

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது எத்தனை புள்ளி என்று எண்ணிச் சொல்லும் என்ற கணக்கு. சாதாரணமாகக் கடைகளில் இருக்கும் திரையின் அகலம் 1,920 புள்ளி. 800 டிபிஐயில் மவுஸை 2.4 அங்குலம் நகர்த்தினால் திரையின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போய்விடும். 1,600இல் 1.2 அங்குலம். 16,000இல் வெறும் 3 மில்லிமீற்றர்! கை சற்று நடுங்கினாலே அம்புக்குறி திரையை விட்டு ஓடும். அந்த இலக்கத்துக்காக யாரும் காசு கூட்டிக் கொடுக்க வேண்டாம். 800க்கும் 1,600க்கும் இடையில் ஒழுங்காக வேலை செய்தால் போதும். விளையாடும் பிள்ளைகளிலும் அநேகர் இதற்குக் கிட்டத்தான் வைக்கிறார்கள்.

அடுத்தது ஹேர்ட்ஸ். மவுஸ் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை கணினிக்குச் செய்தி அனுப்புகிறது என்பதே அது. சாதாரண மவுஸ் 125 தடவை, அதாவது 8 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. கேமிங் மவுஸ் 1,000 தடவை, 1 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. வேகமான விளையாட்டில் இதற்குப் பெறுமதி உண்டு. பில் போடுவதில் இல்லை.

உண்மையில் பார்க்க வேண்டியவை

ஒன்று, பட்டனுக்குக் கீழே இருக்கும் சுவிட்ச். தயாரிப்பாளர் இத்தனை மில்லியன் அழுத்தம் தாங்கும் என்று குறிப்பிடுவார். ஒரு நாளைக்கு 5,000 அழுத்தம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 15 இலட்சம். 3 மில்லியன் சுவிட்ச் இரண்டு வருடத்தில் கணக்கு முடித்துவிடும். 20 மில்லியன் சுவிட்ச் தாளில் 13 வருடம் வரும். தூசும் கடற்காற்றும் இதைக் குறைக்கும். கொட்டியாரக் குடாவின் ஓரத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுவிட்ச் தேய்ந்தால் என்ன நடக்கும்? ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாகப் பதியும். விளையாடுபவருக்கு ஓர் ஆட்டம் தோற்பது மட்டுமே நட்டம். பில்லில் ஒரு பால்மா பக்கெற்று இரண்டாக விழுந்தால், வாடிக்கையாளர் கவனிக்காமல் காசைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். நாம் அறியாமலே அவருடைய காசு நம் பெட்டிக்குள் வந்துவிடும். கோணல் தராசுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மவுஸ் இரட்டை அழுத்தம் காட்டத் தொடங்கிய அன்றே அதைப் பில் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று வைக்கக்கூடாது.

இரண்டு, கையின் அளவு. உள்ளங்கை முழுவதையும் மவுஸில் வைத்துப் பிடிப்பவருக்கு நீளமானதும் முதுகு உயர்ந்ததும் வேண்டும். விரல் நுனியால் பிடிப்பவருக்குச் சிறியதும் பாரம் குறைந்ததும் வேண்டும். அநேக கேமிங் மவுஸ்கள் வலது கைக்கென்றே வளைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் ஊழியர் இடதுகைக்காரர் என்றால் இரு புறமும் ஒரே வடிவானதை எடுங்கள். மாதக் கணக்கில் மணிக்கட்டு வலித்தால் மலிவாக வாங்கிய இலாபம் மருந்துக்குப் போய்விடும்.

மூன்று, வயர். தடித்து விறைப்பாக இருந்தால் மவுஸை இழுத்துக்கொண்டே இருக்கும். மவுஸுக்குள் வயர் நுழையும் இடத்தில் வளைவுக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் அறுவது அந்த இடம்தான். மேசைக்குக் கீழே கணினி இருந்தால் நீளம் எட்டுமா என்று அளந்துகொண்டு போங்கள். எலிக்கு எட்டாமல் வயரைக் கட்டி வையுங்கள்.

நான்கு, உள் நினைவகம். நாம் மாற்றிய பட்டன் வேலைகள் மவுஸுக்குள்ளேயே பதிந்தால் எந்தக் கணினியில் போட்டாலும் வேலை செய்யும். சில வகைகள் கணினியில் உள்ள மென்பொருளில் மட்டும் பதிக்கும். கணினியைத் திருத்தக் கொடுத்துவிட்டு வேறொன்றில் மாட்டினால் எல்லாம் போய்விடும். வாங்க முன் இதைக் கேளுங்கள்.

ஐந்து, மேசை. நம் கடைகளில் கண்ணாடி மேசை அதிகம். தெளிந்த கண்ணாடியின் மேல் பெரும்பாலான மவுஸ்கள் ஓடாது, அல்லது தாவித் தாவி ஓடும். அது மவுஸின் பிழையல்ல. ஒரு துணி பேட் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

விலைக் கணக்கு

பெட்டியில் எழுதிய விலையைப் பார்க்காமல் ஒரு மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஓர் உதாரணம்: 1,500 ரூபா மவுஸ் ஆறு மாதத்தில் பழுதானால் மாதம் 250 ரூபா. 4,800 ரூபா மவுஸ் இரண்டு வருடம் உழைத்தால் மாதம் 200 ரூபா. மலிவானதே கூடுதல் விலை! இதோடு பஸ் காசு கட்டித் திருகோணமலைக்குப் போய் மாற்றி வரும் அரை நாளையும் சேருங்கள்.

உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. வாங்கும்போது நமக்கிருக்கும் அந்த உரிமை, நாம் விற்கும்போது நம் வாடிக்கையாளருக்கும் இருக்கிறது.

விற்பவர்களுக்கு

கடையில் இவற்றை வைத்து விற்கும் சகோதரர்கள் பத்து வகையை அடுக்க வேண்டாம். மாதிரிகள் விரைவாகப் பழசாகின்றன. தேங்கினால் முதல் முடங்கும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது இறக்குமதிப் பொருள் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். மூன்று வகை போதும்: சாதாரணம், நடுத்தரம், விளையாடுபவருக்கான ஒன்று.

வருபவரிடம் முதலில் கேளுங்கள், என்ன வேலைக்கு என்று. பில் போட வந்தவரிடம் வண்ண விளக்கையும் 16,000 இலக்கத்தையும் காட்டித் தலையில் கட்டாதீர்கள். பெட்டியைத் திறந்து, கையில் கொடுத்து, கணினியில் மாட்டி ஒவ்வொரு பட்டனையும் இருபது தடவை அழுத்திப் பார்க்க விடுங்கள். ஐந்து நிமிட வேலைதான். தேவைக்கு ஏற்ற பொருளோடு போனவர் அடுத்த முறை பிரிண்டர் வாங்கவும் உங்களிடமே வருவார்.