வெண்கரடியும் மூவகை அளவையும்

எழுத்தும் இயந்திரத் தொழிலும் பரவாத நாட்டு மக்கள் கருதலளவையால் ஆராயும் ஆற்றல் குன்றியவர் என்பது மேனாட்டாருட் சிலர் கொண்ட கொள்கை. அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

உருசிய நாட்டு உளநூலறிஞர் அலெக்சாந்தர் லூரியா என்பார் 1931, 1932 ஆம் ஆண்டுகளில் நடு ஆசியாவிலுள்ள உசுபெக்கிசுத்தானஞ் சென்று, எழுத்தறியா உழவரையும் சிறிது கற்றாரையும் வினவினார். அவ்வாராய்ச்சி 1974 இல் தான் நூலாக வெளிப்போந்தது. பனி மூடிய வடகோடியிற் கரடிகள் யாவும் வெண்ணிறத்தன என்றும், நோவாயா செம்லியா அவ்வடகோடியில் உள்ளதென்றும் கூறி, ஆண்டுள்ள கரடியின் நிறம் யாது என்று கேட்டார். எழுத்தறியாதார் பலர், தாம் கண்டிராததைப் பற்றிச் சொல்லுதல் தகாதென மறுத்தனர். சிறிது காலமே பள்ளியிற் பயின்றோர் வெண்ணிறம் என எளிதின் விடையிறுத்தனர்.

இதனால் முன்னவர்க்குக் கருதலளவை இல்லை எனலாமோ எனின், ஆகாது. தம் வாழ்விற் பழகிய பொருள்களில் அவர்கள் செவ்விதின் முடிபு கண்டதை லூரியாவே குறித்துள்ளார். பின் அவர் மறுத்தது எதனை? கூர்ந்து நோக்குக. புகையால் நெருப்பை உணர்வான், அவ்விரண்டும் ஒருங்கிருத்தலை அடுக்களையிற் கண்டவன். வடகோடிக் கரடி யாவும் வெளியன என்பதோ உழவன் கண்டதன்று. அயலான் ஒருவன் சொன்னது. எனவே, கருதலுக்கு அடியாக நின்றது உரையளவை. அறுபது எண்பது ஆண்டகவையுடைய முதியோர் ஒருவர் தாமே கண்டு சொல்வாராயின் நம்பலாம் என்று ஒருவர் கூறினமையும் இதனை வலியுறுத்தும். அவர் ஐயுற்றது முடிபையன்று, சொல்வானையே.

கொடுத்த கூற்றுக்களை உண்மையென வைத்துக்கொண்டு அவற்றின் தொடர்பு மாத்திரையே நோக்குவது யவனர் வகுத்த நெறி; பள்ளிக்கூடம் பயிற்றுவதும் அதுவே. நம் தருக்க நூலோரோ இருவரும் உடன்படும் எடுத்துக்காட்டையும் உடன் வேண்டினர்.

காட்சி ஒன்றே அளவை என்பான் உலகாயதன். அவ்வுழவர் உலகாயதர் அல்லர். தக்கோர் உரையைக் கொள்ள இசைந்தவர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என மூன்றையுங் கொண்டமை அறிக. மலமற்ற முதல்வன் மொழி என்னுந் துணிவினாலன்றோ சிவாகமத்தை உரையளவையாகக் கொள்கின்றோம்? ஆகலின், சித்தாந்தம் பயில்வார் பிறர் கூற்று எதனைக் கேட்பினும், முடிபு காண விரையுமுன், சொல்வார் யார், அவர் அறிந்தது எவ்வாறு என வினவுதல் கடன். அங்ஙனம் வினவினாரை அறிவிலார் என்றல் அளவை நூலுணர்ந்தார்க்கு அடாது.