விளையாட்டு எனப்படுவது யாது?

பாடசாலைப் போட்டிகளிற் கயிறிழுத்தலைக் கண்டு ஆரவாரஞ் செய்யாத பழைய மாணவர் நம்முள் இரார். நிலாவெளி முதலிய கரைகளிலே கரைவலை இழுக்கப்படுவதையும் நாம் கண்டிருக்கின்றோம். ஈரிடத்தும் கயிறு உண்டு. மண்ணில் ஊன்றிய கால் உண்டு. ஒருமித்தெழும் குரலும் உண்டு. ஆயினும் முன்னையதை விளையாட்டு என்கின்றோம். பின்னையதைத் தொழில் என்கின்றோம். இவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

கரைவலையின் இரு கயிறுகளையும் இரு குழுவினர் இழுப்பினும், அவர்கள் ஒருவரையொருவர் எதிர்ப்பவரல்லர். இரு சாராரும் நாடுவது மீனே. வலை வெறிதே கரையேறின், எத்துணைத் திறமையாக இழுத்தாலும் அன்றைய உழைப்பு வீணாகும். இயந்திரம் கொண்டு இழுத்தாலோ, மீன் மீனே. கயிறிழுத்தலில் அவ்வாறன்று. அங்கே இயந்திரத்தால் இழுப்பவன் வென்றவனாகான். ஆகவே, இருசாராரும் உடன்பட்ட விதிக்குள் நின்று, உடல் வன்மையையும் பயிற்சியையும் எதிரியோடு அளந்து பார்த்தலே விளையாட்டின் இலக்கணம் என்போம்.

சதுரங்கம் இதனுள் அடங்குமோ? அனைத்துலக ஒலிம்பிக் குழு 1999ஆம் ஆண்டில் அதற்கு அங்கீகாரம் அளித்தது. ஆயினும், ஆடுபவன் சொற்படி வேறொருவன் காயை நகர்த்தினும் வெற்றி ஆடுபவனுக்கே உரியது. கயிற்றைப் பிறர் நமக்காக இழுப்பின் வெற்றி அவருடையதன்றோ? ஆதலின் சதுரங்கத்தை அறிவுப் போட்டி எனத் தனிவகையாகக் கொள்ளுதல் பொருந்தும்.

அங்கீகாரமே விளையாட்டை உண்டாக்குவதில்லை. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற கயிறிழுத்தல் பின்னர் நீக்கப்பட்டது; அதனால் அது விளையாட்டன்று என ஆகிவிடவில்லை. நம் சடுகுடு, கபடி என்னும் பெயரோடு 1990ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிற் பதக்கப் போட்டியாயிற்று. அதற்கு முன்னரும் அது விளையாட்டே. எனினும், அவ்வரங்கை அடைவதற்கு எங்கும் ஒரே தன்மையவாய் எழுதப்பட்ட விதிகள் அதற்குத் துணைநின்றன.

இனி, நம் கிளித்தட்டை நோக்குவோம். கோடுகளைக் காப்போர் ஒருபுறம்; தொடப்படாது கடந்து மீள முயல்வோர் மறுபுறம். ஓட்டமும் விரகும் விதியும் எதிரியும் அதன்கண் உள்ளன. விளையாட்டின் இலக்கணத்தில் அதற்குக் குறைவொன்றுமில்லை. ஆனால் விதி ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது. ஆடுவோர் தொகையும் அருகி வருகின்றது. ஆடியறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே, அவர்களைக் கேட்டு விதிகளை எழுதிவைத்தல் பழைய மாணவராகிய நம் கடனாகும். எழுதினாற் போதாது, நம் சிறுவரை மைதானத்தில் இறக்கி ஆடுவித்தலும் வேண்டும். ஆடுவோரற்ற விளையாட்டு வெறும் பெயராகவே எஞ்சும்.