இறக்குமதிக் காரும் பதிவு வரியும்: எங்கே, எப்போது ஆட்சேபிப்பது?

லண்டனிலோ சிங்கப்பூரிலோ சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பும் மகனோ மகளோ அங்கு ஓட்டிய காரையும் உடன் கொண்டுவர விரும்புவது அரிதன்று. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் இது பற்றிய விசாரணைகள் எங்களுக்கு வருவதுண்டு. பெரும்பாலும் அவை தாமதமாகவே வருகின்றன. கார் வந்திறங்கி, சுங்கத் தீர்வை கட்டி, பெல்தலா மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிவுக்காக நிற்கும்போதுதான், "இவ்வளவு வரி எப்படி வந்தது? யாரிடம் முறையிடுவது?" என்னும் கேள்வி எழுகின்றது. ஆனால் அந்தத் தொகையின் பெரும்பகுதி பெல்தலாவில் பிறந்ததன்று. அது மும்பையில் பிறந்தது. அங்கே ஆட்சேபிக்க வேண்டிய காலக்கெடு அதற்குள் முடிந்தும் போயிருக்கலாம்.

மும்பை ஏன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். கித்திர்ப்பூரில் துறைமுகம் இருக்கின்றது. புதிய கார்கள் கொல்கத்தா வழியாக வருவதற்கும் அனுமதி உண்டு. ஆனால் பயன்படுத்திய கார்களுக்கு இந்திய இறக்குமதிக் கொள்கை வேறு விதி வைத்திருக்கின்றது. கார் உற்பத்தியான நாளிலிருந்து மூன்றாண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது. ஓட்டுநர் இருக்கை வலப்புறம் இருத்தல் வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுக் காலம் சாலையில் ஓடும் தகுதி அதற்கு உண்டு என்று காட்ட வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே அது உள்ளே வரலாம். ஆகவே பிரிட்டன், சிங்கப்பூர், ஜப்பான் கார்கள் தேறும். அமெரிக்காவிலிருந்து ஆசையோடு கொண்டுவர நினைக்கும் கார் இடப்புற ஓட்டத்தினால் முதற்படியிலேயே நின்றுவிடும். கொல்கத்தாவாசி ஒருவர் தம் காரின் மதிப்பைப் பற்றி வழக்காட வேண்டுமானால், மும்பைச் சுங்க அதிகாரிகளின் முன்னிலையில்தான் அதனைத் தொடங்க வேண்டியிருக்கும்.

மதிப்பு என்பது இங்கே நீங்கள் கொடுத்த விலை மட்டுமன்று. பயன்படுத்திய காருக்கு விற்பனையாளர் எழுதித் தந்த சீட்டைச் சுங்கத்துறை அப்படியே ஏற்பதில்லை. அது புதிதாக இருந்தபோது உற்பத்தியாளர் வைத்த விலையை எடுத்துக்கொண்டு, கழிந்த காலாண்டுகளுக்கேற்பத் தேய்மானம் கழித்து, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். ஒரு காலாண்டு குறைவாக எண்ணப்பட்டாலோ, உங்கள் கார் எளிய வகையாக இருக்க உயர்வகையின் விலை எடுக்கப்பட்டாலோ மதிப்பு ஏறிவிடும்.

அந்த ஏற்றம் எவ்வாறு பெருகுகிறது என்று பார்ப்போம். 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கைக்குப் பின், பயன்படுத்திய காருக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை 70 சதவீதம். வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் தீர்வை 67.5 சதவீதம். இரண்டும் சேர்ந்து 137.5 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மதிப்பிடப்பட்ட காருக்கு இவை 27.5 லட்சம், ஆக 47.5 லட்சம். பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீத ஜி.எஸ்.டி.; அது இந்த 47.5 லட்சத்தின் மீது விதிக்கப்படும். அதாவது 19 லட்சம். கார் துறைமுகத்தை விட்டு வெளிவரும்போது அதன் விலை 66.5 லட்சமாகிவிடுகின்றது. மாநில வாகன வரி சில இடங்களில் எஞ்சின் கொள்ளளவை ஒட்டியும், பல இடங்களில் விலையை ஒட்டியும் விதிக்கப்படுவது. விலையை ஒட்டிய மாநிலங்களில் இறக்குமதிக் காருக்குத் தீர்வை உட்பட்ட விலையே அடிப்படையாகக் கொள்ளப்படுவதுண்டு. 20 சதவீத ஆயுள்கால வரி பொருந்துவதாகக் கொண்டால், அது மேலும் 13.3 லட்சம்.

இந்தக் கணக்கில் முதல் மதிப்பில் ஒரு லட்சம் ரூபாய் தவறாகக் கூடியிருந்தால் என்ன ஆகும்? தீர்வைகளும் ஜி.எஸ்.டி.யும் 2,32,500 ரூபாய் கூடும். மாநில வரி 66,500 ரூபாய் கூடும். மொத்தம் 2,99,000. ஒன்றுக்கு மூன்று. பதிவு அலுவலகத்தில் நின்று 66,500 ரூபாய்க்கு வாதிடுபவர், அதன் வேரையும் அதனோடு சேர்ந்த 2,32,500 ரூபாயையும் விட்டுவிட்டார் என்றே பொருள். பதிவு அதிகாரிக்குச் சுங்க மதிப்பைத் திருத்தும் அதிகாரமும் இல்லை.

ஆகவே மும்பையில் நடப்பதைச் சற்று விரிவாகக் கூறுகிறோம். இறக்குமதி செய்பவரே 'பில் ஆஃப் என்ட்ரி' என்னும் பத்திரத்தில் தம் மதிப்பீட்டை அறிவிக்கிறார். அதிகாரி அதனை ஏற்காமல் உயர்த்தினால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, காரணங்களை விளக்கும் எழுத்து வடிவ ஆணையைப் பதினைந்து நாட்களுக்குள் பிறப்பிக்க வேண்டும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு: இறக்குமதியாளர் உயர்த்திய மதிப்பை எழுத்தில் ஏற்றுக்கொண்டால் அவ்வாணை தேவையில்லை. நடைமுறையில் பலர் சறுக்குவது இங்கேதான். கிடங்குக் கட்டணம் நாள்தோறும் ஏறுகின்றது. முகவர் ஒரு தாளை நீட்டுகிறார். "கையெழுத்துப் போட்டால் நாளை கார் வெளியே" என்கிறார். அந்த ஒரு வரி ஒப்புதலுக்குப் பின் மதிப்பை மறுப்பது மிகக் கடினம். அவசரமாகக் காரை எடுத்தே ஆக வேண்டுமெனில், ஆட்சேபத்தைப் பதிவு செய்து தொகையைக் கட்டலாம். ஒப்புதல் மட்டும் தர வேண்டாம்.

ஆட்சேபத்துடன் கட்டினால் போதும், பிறகு எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம் என்று எண்ணுவோரும் உளர். 2019 செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இந்த எண்ணத்திற்கு இடமில்லாமல் செய்துவிட்டது. வழக்காடியது நம் கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.டி.சி. நிறுவனம். மதிப்பீட்டு ஆணை மேல்முறையீட்டில் மாற்றப்படாத வரையில், கட்டிய தீர்வையைத் திரும்பக் கோர முடியாது என்றும், இறக்குமதியாளர் தாமே செய்த சுயமதிப்பீடும் அத்தகைய ஆணையே என்றும் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்மானித்தது. எனவே ஆணை கைக்குக் கிடைத்த அறுபது நாட்களுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்தாக வேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் முப்பது நாள் கிடைக்கலாம். அதற்கு மேல் இல்லை. முழுத் தொகையையும் கட்டாமல் வழக்காடுவோர், தகராறுக்குரிய தீர்வையில் 7.5 சதவீதத்தை முன்வைப்பாகச் செலுத்த வேண்டும். கூட்டல் கழித்தல் பிழை, எழுத்துப்பிழை போன்றவையாயின் மேல்முறையீடு இன்றியே 154ஆம் பிரிவின்கீழ்த் திருத்தம் கேட்கலாம். இது எளிது, செலவும் குறைவு.

மாநில வரியில் ஆட்சேபிக்க ஒன்றுமே இல்லையா? உண்டு. வாகனத்தின் வயது, எஞ்சின் கொள்ளளவு, வகை, தனிநபர் பெயரா நிறுவனத்தின் பெயரா என்பன தவறாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். அவற்றுக்கு மாநில வாகன வரிச் சட்டத்தில் உள்ள மேல்முறையீடே வழி. எனினும் "இவ்வரியை விதிக்க மாநிலத்திற்கே அதிகாரமில்லை, சுங்கத் தீர்வை கட்டியாயிற்றே" என்னும் வாதத்தில் பணத்தையும் காலத்தையும் இறக்குவதற்கு முன், நுழைவு வரியின் கதையை அறிந்துகொள்வது நல்லது.

சுங்கத் தீர்வை மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. உள்ளாட்சிப் பகுதிக்குள் பொருள் நுழைவதற்கான வரி அப்போது மாநிலப் பட்டியலில் 52ஆம் இனமாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த காருக்கு நுழைவு வரி பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு காலத்தில் கூறியிருந்தது. அதனை நம்பிச் சென்னையிலும் பலர் வழக்குத் தொடுத்தனர். நடிகர் விஜய் 2012இல் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்த ரோல்ஸ் ராய்ஸ் காரின் வழக்கு அவற்றுள் ஒன்று. வரியில் 20 சதவீதம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணை தந்தது. இதே காலத்தில் மேற்கு வங்கமும் 2012இல் ஒரு நுழைவு வரிச் சட்டம் இயற்றியது. 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அது செல்லாது என்றார். மாநில அரசு மேல்முறையீடு செய்தது.

பின்னர் காற்று திசை மாறியது. 2016 நவம்பர் 11 அன்று ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பாரபட்சம் இல்லாத வரையில் மாநிலங்கள் நுழைவு வரி விதிக்கலாம் என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கூறியது. 2017 அக்டோபர் 9 அன்று, கேரள வழக்கில், இறக்குமதிப் பொருளுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரி 29 அன்று அதனையே பின்பற்றியது. 2021 ஜூலையில் ரோல்ஸ் ராய்ஸ் வழக்கு தள்ளுபடியாயிற்று. மீதி வரியாகச் சுமார் 32 லட்சம் ரூபாய் கட்டப்பட்டது. தீர்ப்பிலிருந்த கடுஞ்சொற்களை 2022 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது.

எங்கள் பார்வையில், இதற்குப் பின் வந்த தீர்ப்பே வாடிக்கையாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அதே நடிகர் 2005இல் கொண்டுவந்த பி.எம்.டபிள்யூ காரின் மீது தாமத அபராதம் கேட்கப்பட்டது. சட்டம் தெளிவின்றி இருந்த 2019 ஜனவரி வரையிலான காலத்திற்கு அபராதம் கூடாது. அதற்குப் பின்னும் கட்டாதிருந்தால் விதிக்கலாம் என்று 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் கூறியது. வரியில் தோற்றவர்கள் அபராதத்தில் ஓரளவு வென்றனர். வழக்கு நடக்கும்போதே வரியை முழுதும் கட்டி வைத்தவர்களுக்கோ இந்தக் கவலையே எழவில்லை. 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்து நுழைவு வரி மறைந்தது. ஆனால் மாநில வாகன வரி 57ஆம் இனமாக இன்றும் நிற்கின்றது.

பயன்படுத்திய காருக்கு வரி எவ்வளவு இருக்கலாம் என்னும் கேள்விக்கு ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவான அளவுகோல் ஒன்று வைத்திருக்கின்றது. உள்நாட்டில் ஏற்கெனவே பதிவான அதே வயதுக் காரின் விலைக்குள் எஞ்சியிருக்கும் வரியைவிட, வெளியிலிருந்து வரும் காரின் பதிவு வரி கூடுதலாக இருத்தல் ஆகாது என்று போர்ச்சுகல் (1995, 2001), ஹங்கேரி (2006), ருமேனியா (2011) வழக்குகளில் அது கூறியது. நம் நாட்டில் அத்தகைய பொதுவிதி இல்லை; ஆயினும் வேறு மாநிலத்திலிருந்து வரும் காருக்கு வயதுக்கேற்பக் குறையும் விகித அட்டவணையைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் வைத்துள்ளன.

எங்கள் வாடிக்கையாளருள் பெரும்பாலோர்க்கு நேரக்கூடியது இந்த இரண்டாம் வகையே: கொல்கத்தாவில் பதிவான காரைச் சென்னைக்கு எடுத்துச் செல்வது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கு வைத்திருப்பதாயின் புதிய பதிவெண் பெற வேண்டும். அதற்குப் பெல்தலாவிலிருந்து 28ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். கார் கடனில் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இதற்கு விண்ணப்பித்தால் போதும், கடன் முழுதும் அடைபட்டிருக்க வேண்டியதில்லை. சென்னையில் வயது கணக்கிடப்படும் தேதி முதற்பதிவுத் தேதியா என்று ரசீதில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேறுபாட்டில் அடுத்த படிக்கான விகிதம் வந்துவிடுவதுண்டு. கொல்கத்தாவில் ஏற்கெனவே கட்டிய வரியின் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எஞ்சிய காலத்திற்கான தொகையைத் திரும்பக் கோருவதற்கு அதுவும் சென்னையின் புதிய ஆர்.சி. நகலும் கேட்கப்படும்.

இறக்குமதிக் காருக்குக் கடன் கேட்போர் 'பில் ஆஃப் என்ட்ரி'யின் நகலையும், தீர்வை கட்டிய சலானையும், ஆட்சேபக் கடிதம் கொடுத்திருந்தால் அதன் ஒப்புகை முத்திரையிட்ட பிரதியையும் எங்களிடம் கொணர வேண்டுகிறோம். பதிவு முடிந்து வங்கியின் பெயர் ஆர்.சி.யில் ஏறும் வரை கார் பொதுச்சாலையில் ஓட முடியாது. தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மேல்முறையீட்டுக்கான அறுபதாம் நாள் எது என்பதை அந்த நகலின் மேல்மூலையிலேயே எழுதி வைக்குமாறு எங்கள் கடன் பிரிவினரிடம் கேட்டுப் பெறலாம்.