பெயர்ப் புனிதர் திருநாளைப் பிள்ளைகள் மறக்காமலிருக்க

பிறந்தநாளுக்குக் கேக் தவறாமல் வந்துவிடும். பிள்ளையின் பெயருக்குரிய புனிதரின் திருநாள்தான் கவனிக்காமலே போய்விடும். மட்டாஞ்சேரி வீடுகளுக்குச் சில குறிப்புகள்:

1. நாட்காட்டியில் இன்றே வட்டமிடச் சொல்லுங்கள்: செபஸ்தியார் ஜனவரி 20, சூசையப்பர் மார்ச் 19, தோமையார் ஜூலை 3, அல்போன்சா ஜூலை 28, சவேரியார் டிசம்பர் 3. பிள்ளைகளே வட்டம் போட்டால் உங்களுக்கு நினைவூட்டுவதும் அவர்கள்தான்.

2. மெழுகுதிரியைப் பிள்ளை ஏற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கைக்கு வேலையிருந்தால் செபத்தில் நெளியமாட்டார்கள்.

3. ஆர்த்துங்கல் செபஸ்தியாரிடம் கைக்குழந்தையோடு போவதென்றால் ஜனவரி 20-ஐத் தவிருங்கள். அன்றைய கூட்டத்தில் பக்தியைவிட அழுகைதான் மிஞ்சும்.

4. பலகாரத்தைப் பக்கத்து வீடுகளுக்குப் பிள்ளையிடமே கொடுத்தனுப்புங்கள். “என்ன விசேஷம்?” என்று கேட்பார்கள், புனிதர் கதையைப் பிள்ளையே சொல்ல வாய்ப்பு. குஜராத்தி ரோட்டுக்கு அனுப்பினால் முட்டை சேர்க்காதீர்கள், அங்குள்ள சமணர்கள் சாப்பிடமாட்டார்கள்.