புளிப்பு முதலில், கசப்பு அப்புறம்: கோசே பியரின் பாடம்

பியர்னாலே கசப்புதானே? ஜெர்மனியில் உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டு, புளிக்க வைத்துத் தயாரிக்கும் கோதுமை பியர் ஒன்று இருக்கு. பெயர் கோசே. கோஸ்லார் ஊரில் ஓடும் ஆற்றின் பெயர் அது; ஆனா புகழ் வாங்கித் தந்தது லைப்சிக் நகரம். கெமிக்கல், பயோடெக் மக்களுக்கு இதில் ஒரு நல்ல பாடம்: பொருள் சரியா இருந்தா போதாது, வரிசையும் சரியா இருக்கணும்.

1. சர்க்கரை: கோதுமை மால்ட் பாதி, பார்லி மால்ட் பாதி. சுமார் 65 டிகிரி செல்சியஸ் நீரில் ஒரு மணி நேரம் ஊறினால் என்சைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். வடிகட்டினால் கிடைக்கும் இனிப்பு நீர்தான் வொர்ட்.

2. புளிப்பு: வொர்ட்டைக் கொதிக்க வைத்து, 40 டிகிரி பக்கம் ஆற்றி, லாக்டோபேசில்லஸ் சேர்ப்பாங்க. தயிர் உறைய வைக்கிற அதே கூட்டம்தான். காற்று புகாமல் மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் பிஹெச் 5.3-லிருந்து 3.3 வரை இறங்கும். ரெண்டு பாயிண்ட்தானேன்னு நினைக்காதீங்க. அது லாக் ஸ்கேல். ஹைட்ரஜன் அயனி 100 மடங்கு கூடியிருக்கு.

3. கசப்பு: இப்பதான் மறுபடி கொதிக்க வைத்து, கொஞ்சமா ஹாப்ஸ் போடணும். ஹாப்ஸின் கசப்பு அமிலங்கள் லாக்டோபேசில்லஸை வளர விடாது. முன்னாடியே போட்டுட்டா புளிப்பு ஏறாது, அந்த பேட்ச் போச்சு! இந்தக் கொதிப்பில் பாக்டீரியா சாகும். லாக்டிக் அமிலம் அப்படியே தங்கும். கடைசி நிமிடங்களில், 20 லிட்டருக்கு உப்பும் இடித்த கொத்தமல்லி விதையும் சுமார் 15 கிராம் வீதம்.

4. ஈஸ்ட்: 20 டிகிரிக்கு ஆற்றி ஈஸ்ட் சேர்த்தால், 4 முதல் 5 சதவீதம் ஆல்கஹால்.

எதோடு சாப்பிடலாம்? வறுத்த மீனில் எலுமிச்சை ஏன் பிழியறோம்? எண்ணெயின் கனத்தைப் புளிப்பு வெட்டும். அதே வேலையை கோசே செய்யும். பொரித்த மீன், ஷ்னிட்செல், ஆட்டுப்பால் சீஸ் எல்லாம் பொருந்தும். இனிப்பு கேக்கோடு வைத்தால் புளிப்பு மட்டும்தான் துருத்தும்.

இன்னொரு விஷயம். 1966-ல் லைப்சிக்கில் கோசே உற்பத்தியே நின்றுபோனது. 1980-களில்தான் திரும்பி வந்தது. செய்முறை ஒரு சிலர் கையில் மட்டும் இருந்தால் இதுதான் நடக்கும். லேப் ரெக்கார்டை ஒழுங்கா எழுதுங்க மக்களே!

பி.கு.: ஹாஸ்டல்ல முயற்சி பண்ணாதீங்க. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது நம்ம மாநிலத்தில் குற்றம்.