ஆபத்துக்கு எந்தத் துணியைச் சேர்த்து வைப்பது? தில்லிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 பிப்ரவரி 17 அதிகாலை 5.36 மணிக்குத் தில்லி குலுங்கியது. அளவு 4.0தான். ஆனால் மையம் தௌலா குவான் பக்கத்திலேயே, ஐந்தே கிலோமீட்டர் ஆழத்தில் இருந்ததால் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கட்டிலோடு ஆட்டிவிட்டது. படுத்திருந்த உடையோடு ஜனங்கள் மாடிப்படி இறங்கி ஓடினார்கள். கட்டடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். போக முடியாத நிலை வந்திருந்தால், அந்தக் குளிரில் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் எதைப் போர்த்தியிருப்போம்? அரிசி, மருந்து, டார்ச், பவர் பேங்க் என்று முன்யோசனையோடு எடுத்து வைக்கும் வீடுகளிலும் துணியைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. அதுதான் பீரோ நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம்.

தில்லிக்கு வரும் ஆபத்துகள் ஒரே மாதிரியானவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு துணியைக் கேட்கிறது. நகரம் நில அதிர்வு மண்டலம் நான்கில் இருக்கிறது. யமுனையின் அபாய அளவு 205.33 மீட்டர், 2023 ஜூலை 13 அன்று ஆறு 208.66 மீட்டருக்கு ஏறி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற பழைய உச்சத்தைத் தாண்டியது. யமுனா பஜார், மொனாஸ்ட்ரி மார்க்கெட், காஷ்மீரி கேட் எல்லாம் தண்ணீரில் நின்றன. ஆற்றுப் படுகையில் பயிர் செய்த குடும்பங்கள் மயூர் விஹார் சாலையோரக் கூடாரங்களில் கிடந்தன. 2025 செப்டம்பரில் மறுபடியும் 207 மீட்டருக்கு மேல் போனது. குளிரோ, 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரி, 2021 புத்தாண்டுக் காலையில் 1.1 டிகிரி. இதே ஊரில்தான் 2024 மே மாதக் கடைசியில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. ஒரே ஒரு பெட்டியில் ஒரே வகைத் துணியை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க இந்த ஊர் விடாது.

முதலில் எழும் கேள்வி: தைத்த உடையைச் சேர்ப்பதா, தைக்காத துணியைச் சேர்ப்பதா?

என் தீர்ப்பு இது. வீட்டை விட்டு வெளியேறும் முதல் மூன்று நாளுக்குத் தைத்த உடை. அதற்குப் பிறகான வாரங்களுக்கும் மாதங்களுக்கும் தைக்காத துணி. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வியே எழாது, காலம்தான் வேறு.

தைத்த உடைக்கு ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும். இரண்டு செட் உள்ளாடை, ஒரு முழுக்கை மேல்சட்டை, ஒரு பேன்ட் அல்லது சல்வார், இரண்டு ஜோடி சாக்ஸ், ஒரு துண்டு, நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஒரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும். பெண்கள் நைட்டியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்; இடிபாட்டையோ ஏணியையோ படகின் விளிம்பையோ தாண்ட வேண்டி வந்தால் சல்வார்தான் கைகொடுக்கும். ஆண்களுக்கும் அப்படியே, முகாமில் உட்காரக் கைலி சுகம், தண்ணீரில் நடக்கப் பேன்ட் வேண்டும். எலாஸ்டிக் வைத்ததைவிட நாடா கோத்ததை எடுங்கள். எலாஸ்டிக் சும்மா கிடந்தாலும் இற்றுப்போகும். நாடாவை இறுக்கவும் தளர்த்தவும் முடியும் என்பதால் ஒரே சல்வார் அக்காவுக்கும் ஆகும், தங்கைக்கும் ஆகும். சேமித்து வைக்கும் ஷூவிலும் இதே எச்சரிக்கை தேவை. பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட ஷூக்கள், போடாமல் வைத்திருந்தால்கூட, காற்றின் ஈரத்திலேயே சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அன்றாடம் போடும் ஷூவைக் கட்டிலருகே வைப்பதே மேல். உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு ஓடாமல் இருக்கவாவது உதவும்.

தைத்த உடையின் பெரிய குறை, குழந்தைகள் வளர்ந்துவிடுவது. போன வருடம் ஆசையாக எடுத்து வைத்த சட்டைக்குள் இந்த வருடம் கை நுழையாது. குழந்தைக்கு எப்போதும் ஓர் அளவு பெரிதாக வையுங்கள். பருவம் மாறும்போது பையைத் திறந்து பாருங்கள்.

தைக்காத துணிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது யாருடைய அளவும் அல்ல என்பதாலேயே எல்லோருக்கும் ஆகும். இதன் அருமையை 2020 மார்ச் நமக்குக் காட்டியது. 25ஆம் தேதி முதல் ஊரடங்கு; துணிக்கடைகளும் தையற்கடைகளும் மூடிக் கிடந்தன; மருந்துக் கடையில் முகக்கவசம் இல்லை. மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம், பருத்தித் துணியில் வீட்டிலேயே முகக்கவசம் தைப்பதற்கான கையேட்டை வெளியிட்டது. பீரோவில் ஒரு பழைய வேட்டியும் ஊசி நூலும் இருந்த வீடுகள் அன்றைக்கே தைத்துப் போட்டுக்கொண்டன.

இந்த வகையில் தமிழ்க் குடும்பங்கள் ஏற்கெனவே பாதி தயாராக இருக்கின்றன என்றே சொல்வேன். பழைய நூல் சேலையும் எட்டு முழ வேட்டியும் வெட்டாத துணிதானே! தூளி கட்டலாம், மறைப்பாகத் தொங்கவிடலாம், விரிக்கலாம், போர்த்தலாம், கிழித்து மாதவிடாய்த் துணியாக மடிக்கலாம். ஒரு மீட்டர் சதுரத் துணியை மூலைக்கு மூலை குறுக்கே வெட்டினால் முதலுதவிக்காரர்கள் கையைத் தூக்கிக் கட்டும் முக்கோணக் கட்டு இரண்டு கிடைக்கும். வெள்ளக் காலத்துக்கு இன்னொன்றும் உண்டு. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் ரீட்டா கோல்வெல் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பழைய சேலையைக் குறைந்தது நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டிய கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாக, 48 சதவீதம், குறைந்தது. பலமுறை துவைத்ததில் இழைகள் பிரிந்து கண்கள் நெருங்கிவிடுவதால் புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் நன்றாக வடிகட்டும். கொதிக்க வைக்க முடிந்தால் கொதிக்க வையுங்கள். அடுப்புக்கு வழியில்லாத இடத்துக்கு இது.

ஆகவே நல்ல நிலையில் உள்ள நான்கைந்து நூல் சேலைகளையும் வேட்டிகளையும் பாத்திரக்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள். இதற்கு மேல் புதுத் துணி வாங்குவதானால் சாந்தினி சௌக்கின் கட்ரா நீலும் கன்னாட் பிளேஸை ஒட்டிய சங்கர் மார்க்கெட்டும் பார்க்க வேண்டிய இடங்கள். காந்தி நகர் பெரும்பாலும் தைத்த உடைகளின் மொத்த வியாபாரம். ஒரு குடும்பத்துக்கான சில்லறைத் துணிக்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பட்டோ ஜார்ஜெட்டோ இங்கே பயன்படாது. மல் துணி கொஞ்சம், பாப்ளின் கொஞ்சம், முரட்டுக் காடாத் துணி கொஞ்சம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மொத்தம் இருபது மீட்டர் போதும் என்பது என் கணக்கு: இரண்டு உள்பாவாடை, ஆளுக்கு ஒரு மேல்சட்டை தைத்த பிறகும் கட்டுக்கும் மறைப்புக்கும் மிச்சம் இருக்கும். வாங்கியதும் ஒரு இரவு ஊறப்போட்டு அலசிக் காயவைத்து மடியுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும்; அந்தச் சுருக்கம் தைப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கஞ்சியும் போய்விடும், கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி தேடி வரும். ஊசி, நூல், நாடா, ஊக்கு, கத்தரி இவற்றைத் துணியோடு சேர்த்தே கட்டுங்கள். மின்சாரத்தில் ஓடும் மெஷின் மட்டும் உள்ள வீட்டில் மின்வெட்டு நாளில் துணி துணியாகவே கிடக்கும். மிதிக்கிற மெஷின் இருந்தால் விற்றுவிடாதீர்கள்.

இருபது மீட்டர் என்றால் இருபதோடு நிறுத்துங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் துணி கிடைக்காமல் போனபோது பதுக்கலும் சேர்ந்து விலையை ஏற்றியது. 1943இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை முற்றியது. அந்த நாளில் அடுக்கி வைத்திருந்தவர்களால் ஏழைப் பெண்கள் உடுத்த ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குள் முடங்கினார்கள். தன் குடும்பத்துக்கு வேண்டியதை வைப்பது முன்யோசனை. அதற்கு மேல் வைப்பது அடுத்தவர் பங்கு.

எந்த இழை என்பது அடுத்த கேள்வி. வெயிலுக்குப் பருத்தியை எதுவும் வெல்லாது. ஆனால் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்காலத்தில் நனைந்தால் அதைக் கழற்றி எறிவதே நல்லது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும், சுலபத்தில் தீப்பிடிக்காது. விலை அதிகம், பூச்சி அரிக்கும். பாலியஸ்டர் ஃப்ளீஸ் லேசானது, சட்டென்று காயும், விலையும் குறைவு. வெள்ளத்துக்கு இதுவே வசதி. தீக்கு முன் மட்டும் அது ஆபத்து. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிருக்குத் தெருவில் விறகு மூட்டிச் சுற்றி உட்காரும் ஊர் இது. நெருப்பருகே உட்காருபவருக்கு ஃப்ளீஸைக் கொடுக்காதீர்கள்.

நடைபாதைக் கடையில் எல்லாவற்றையும் கம்பளி என்றுதான் விற்பார்கள். ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவிப் பற்றவையுங்கள். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்து தானே அணைந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் செயற்கை இழை.

போர்வையில் மூன்று தெரிவுகள். பஞ்சடைத்த ரஜாய், மிங்க் போர்வை, பானிப்பட்டின் மறுசுழற்சிக் கம்பளி. தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள பானிப்பட்டில், வெளிநாட்டுப் பழைய உடைகளைக் கிழித்து நாராக்கி நூற்று நெய்த மலிவுக் கம்பளிகள் பல ஆண்டுகளாக உலகின் நிவாரண முகாம்களுக்குப் போயிருக்கின்றன. பார்வைக்குச் சுமார்தான், அவசரத்துக்கு என் ஓட்டு இதற்கே. ரஜாய் வீட்டில் கிடக்கும்போது இதம், ஆனால் நனைந்தால் தூக்க முடியாது, காயப் பல நாள் ஆகும். மிங்க் போர்வை கதகதப்பு, ஆனால் பை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்ளும். ஒரு தடித்த போர்வையைவிட இரண்டு மெல்லியவை நல்லது. இடையே நிற்கும் காற்றும் குளிரைத் தடுக்கும், இருவருக்குப் பிரித்தும் கொடுக்கலாம்.

வைக்கும் இடத்தில்தான் தில்லி வீடுகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. குளிர் துணி எல்லாம் பாக்ஸ் கட்டிலுக்குள். மெத்தையைத் தூக்கிப் பலகையைத் திறந்து அடியிலிருந்து எடுக்க நில அதிர்வு நேரத்தில் யாருக்கு அவகாசம்? கீழ்த்தளமானால் வெள்ளம் முதலில் நுழைவதும் அங்கேதான். ஆளுக்கொரு பையை வாசல் கதவுக்கு அருகே, தரையிலிருந்து உயரமாக மாட்டுங்கள். உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் உறை. இருபது மீட்டர் துணிக்கு மட்டும் பிளாஸ்டிக் வேண்டாம், ஜூலை ஆகஸ்ட் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி மேல் அலமாரியில் வையுங்கள். கம்பளி உடையைத் துவைக்காமல் வைக்காதீர்கள். வியர்வைக் கறையைத் தேடித்தான் அந்துப்பூச்சி வரும். அந்துருண்டை போட்ட துணியைக் கைக்குழந்தைக்கு அப்படியே போர்த்துவது தவறு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை அந்த நெடி சிதைக்கும். குழந்தைத் துணி உள்ள பைகளுக்குக் காய்ந்த வேப்பிலை போதும்.

மிஞ்சிய பழைய துணியை வெள்ளம் வரும்வரை வைத்திருந்து அனுப்பலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் பக்கம் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. கிழிந்ததும் அழுக்கானதும் பொருந்தாததுமாக லாரி லாரியாக வந்த பழைய உடைகளை மீனவ மக்கள் தொட மறுத்தார்கள். சாலையோரத்தில் குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியலைத் தரம் பிரித்துப் பயனாக்கும் வேலையை எடுத்துக்கொண்டது தில்லியின் கூஞ்ஜ் அமைப்பு. அன்ஷு குப்தா 1999இல் தன் வீட்டிலிருந்த 67 உடைகளோடு தொடங்கியது அது. 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. பத்திரிகையாளராக இருந்தபோது, தில்லிக் குளிரில் இறந்த கேட்பாரற்ற உடல்களை ரிக்‌ஷாவில் அள்ளிச் செல்லும் ஒருவரோடு அவர் சுற்றியிருக்கிறார். உடுத்தத் துணி இல்லாததே ஒரு பேரிடர் என்பதை அங்கேதான் கண்டார்.

அதனால் கொடுப்பதை வீட்டில் தேக்காதீர்கள். துவைத்து, பொத்தான் தைத்து, கம்பளி உடைகளை அக்டோபருக்குள் கொடுத்துவிடுங்கள். ஜனவரி நடுக்கத்தில் கொடுப்பது பலருக்குத் தாமதம். உள்ளாடை கொடுப்பதானால் புதிதாக மட்டும்.

இந்த வருடம் ரஜாயை வெயிலில் காயப்போடும் ஞாயிற்றுக்கிழமையிலேயே மூன்றையும் முடித்துவிடுங்கள்: ஆளுக்கொரு பை, வீட்டுக்கொரு துணி மூட்டை, கொடுப்பதற்கொரு கட்டு. ஒரு பகல் வேலைதான்.